ஒரு மணி நேர பெர்மிஷன்

பிப்ரவரி 24, திங்கள்

இந்த டைரியை மகள் வினோதினி கொடுத்தாள். பெங்களூரில் அவள் வேலை பார்த்த கம்பெனி கொடுத்தது. அட்டையில் தங்க எழுத்தில் கம்பெனிப் பெயர் இருந்திருக்கும் போல. அந்த இடத்தை மட்டும் எதையோ வைத்துச் சுரண்டியிருக்கிறாள். "சும்மாதான் கெடக்கு, நீயாச்சும் எழுதுப்பா" என்றாள்.

எழுதுவதில் எனக்கு அனுபவம் உண்டு. பத்தாம் வகுப்புப் பரீட்சையை இரண்டு முறை எழுதினேன். முதல் முறை எழுதியது அரசாங்கத்துக்குப் போதவில்லை.

பெயர் பால்ச்சாமி. பேரூராட்சியில் குடிதண்ணீர் வால்வு திறக்கிற வேலை. இடுப்பு உயர இரும்புச் சாவியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் மூடியைத் திறந்து வால்வைத் திருக வேண்டும். ஊரில் யாருக்கும் என் பெயர் தெரியாது. தண்ணி வந்தால் 'தண்ணிக்கார அண்ணன்'. வராவிட்டால் வேறு பெயர்கள்.

வினோ வந்து மூன்று வாரம் ஆகிறது. வேலை போய்விட்டது. அன்றைக்கு ஃபோனில் அழுதுகொண்டே ஒன்றுதான் சொன்னாள்: "ஒரு மணி நேர பெர்மிஷன்பா. அதுல போயிருச்சு."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஆனால் வயிறு எரிகிறது. பெர்மிஷன் எடுக்காதவன் எந்த ஆபீசில் இருக்கிறான்? பேங்குக்குப் போக ஒரு மணி நேரம், மச்சான் வீட்டுக் காதுகுத்துக்குத் தலையைக் காட்ட ஒரு மணி நேரம். நான் முடி வெட்டவே பெர்மிஷன் எடுத்தவன். இப்போது தலையில் இருப்பதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை, அது வேறு. ஒரு மணி நேரம் வெளியே போன பிள்ளையை ஒரேயடியாக வெளியே அனுப்புவானா?

பிப்ரவரி 26, புதன்

என் மனைவி செண்பகம் அடுப்படியில் வைத்துச் சொன்னாள்: "ஏங்க, வேற வேலைக்கு எழுதிப் போடச் சொன்னா, அந்தக் கம்ப்யூட்டரத் தொறக்கவே மாட்டேங்குறா. தொட்டா ஷாக் அடிக்குங்கற மாதிரி பாக்குறா."

"சின்னப் பிள்ள. ரெண்டு நாள் தூங்கட்டும்" என்றேன்.

"மூணு வாரமாத் தூங்குறா."

எனக்கு ஒன்றும் கவலை இல்லை. சும்மா எழுதி வைக்கிறேன்.

மார்ச் 3, திங்கள்

வெயில் ஏற ஏறத் தண்ணீர் குறைகிறது. ஃபோன் நிற்கவே இல்லை. "அண்ணே, செக்கடித் தெருவுக்கு எப்ப?" "அண்ணே, பள்ளிவாசல் தெருவுக்கு இன்னிக்கு உண்டா?" பல் விளக்கும்போது வாயில் நுரையோடு பதில் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்த அம்மா, "ஐயோ, அண்ணனுக்கு வலிப்பு" என்று கத்திவிட்டார்.

வினோ சிரிக்கவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பி குடிக்கும்போது, "இதுக்கு ஒரு சைட் போட்ரலாம்பா. எந்தத் தெரு தொறந்திருக்குன்னு அவங்கவங்க செல்லுலயே பாத்துக்கலாம்" என்றாள்.

"செய் தாயி" என்றேன், ரொம்ப ஆசைப்படாத மாதிரி.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது கம்ப்யூட்டர் திறந்திருந்தது. செண்பகம் கண்ணாலேயே என்னிடம், 'பேசாதீர்கள்' என்றாள். நான் பூனை மாதிரி நடந்து போய் சொம்பைத் தட்டிவிட்டேன்.

மார்ச் 5, புதன்

இன்று தெரிந்துகொண்டவை. சர்வர் என்பவர் ஓட்டலில் இட்லி வைப்பவர் மட்டும் அல்ல. மும்பையில் வாடகைக்குப் பிடித்த ஒரு கம்ப்யூட்டருக்கும் அதே பெயர்.

"மேட்டுத் தெருவுல தண்ணி வருதான்னு மும்பைக்காரன் எப்படிச் சொல்லுவான்?"

"நீ சொல்லுவப்பா. நீ வால்வத் தொறந்துட்டு செல்லுல அமுக்குவ. அது டேட்டாபேஸ்ல ஏறும். யாரு கேட்டாலும் சர்வர் எடுத்துக் குடுக்கும்."

"கேக்கறவனே உள்ள போய் எடுத்துக்கக் கூடாதா?"

"ஓட்டல்ல சாப்பிட வந்தவன் அடுப்படிக்குள்ள போய் எடுத்துப் போட்டுக்கலாமா?"

அப்படியானால் என் முதல் எண்ணமும் அவ்வளவு தப்பில்லை.

மார்ச் 7, வெள்ளி

பக்கம் எல்லாம் தயார். அழகாக இருக்கிறது. தெருப் பெயர், பக்கத்தில் பச்சையாகத் 'திறந்தாச்சு' அல்லது சிவப்பாக 'அடைச்சாச்சு'. விருப்பப்பட்டவர்கள் தங்கள் ஃபோன் நம்பரைப் போட்டு வைத்தால், அவர்கள் தெருவுக்குத் திறந்ததும் செய்தி போகும்.

"ஊருக்குச் சொல்லிரலாமா?" என்றேன்.

"இல்லப்பா. பெர்மிஷன் இன்னும் சரியா அமையல. அது இல்லாம வெளிய விடமாட்டேன்."

மார்ச் 8, சனி

நேற்று சொன்னதையேதான் இன்றும் சொல்கிறாள். பெர்மிஷன், பெர்மிஷன். பாவம், பெங்களூரில் அந்த வார்த்தையால் பட்ட பிள்ளை. இந்த முறை முறைப்படி வாங்கிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

செயல் அலுவலர் அம்மாவுக்கு மனு எழுதினேன். 'எனது மகள் செய்துள்ள தண்ணீர் சைட்டுக்குத் தாங்கள் பெர்மிஷன் வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.' நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். அம்மா இரண்டு முறை படித்தார்.

"பால்ச்சாமி, எத்தனை மணிக்குப் போகணும்?"

"எங்க மேடம்?"

"பெர்மிஷன் கேட்டிருக்கீங்களே."

விளக்கிச் சொன்னதும் என் செல்லை வாங்கிப் பார்த்தார். அவருக்கும் காலையிலிருந்து அதே ஃபோன்தானே வருகிறது. "நல்லாருக்கே! பங்குனிப் பொங்கலுக்கு வெளியூர்லருந்து ஆளுங்க வந்து எறங்குறதுக்குள்ள தொறந்துருவோம். ஏப்ரல் மூணு. நானே நோட்டீஸ் போர்டுல ஒட்டுறேன்" என்று தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பும் குத்திக் கொடுத்தார்.

சைக்கிளை மிதித்த மிதியில் செயின் கழன்றது. மனுவை வினோவின் கையில் கொடுத்து, "இந்தா பெர்மிஷன்" என்றேன்.

படித்தாள். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பெங்களூரிலிருந்து வந்த பிறகு இப்போதுதான். செண்பகம் கரண்டியோடு ஓடி வந்து, எதற்கென்று தெரியாமல் அவளும் சிரித்தாள்.

"அப்பா, அந்தப் பெர்மிஷன் இல்லப்பா. யாரு எதப் பாக்கலாம், யாரு எத மாத்தலாம்னு டேட்டாபேஸுக்குச் சொல்லி வைக்கிறது. அதுக்குப் பேரு பெர்மிஷன்."

பிறகு மறுபடியும் தாளைப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏம்ப்பா தேதி வாங்கிட்டு வந்த?"

ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

நான் ஒரு மடையன். வேறு செய்தி இல்லை.

மார்ச் 14, வெள்ளி

மறுபடியும் வேலை பார்க்கிறாள். சத்தம் போடாமல் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கிறேன். இது நன்றாகத்தான் இருக்கிறது.

முதலில் யாருக்கும் ஒன்றும் கிடையாது என்று எல்லாக் கதவையும் அடைத்துவிடுகிறாள். பிறகு ஒவ்வொருவருக்கும் எது இல்லாமல் முடியாதோ அதை மட்டும் திறக்கிறாள். டேட்டாபேஸுக்குள் மூன்று பேர். 'பொதுசனம்' என்று ஒருவர்: தெரு நிலவரத்தைப் பார்க்கலாம், மாற்ற முடியாது. 'அப்பா' என்று ஒருவர், நான்தான்: திறந்தாச்சு, அடைச்சாச்சு என்று மாற்றலாம், அவ்வளவுதான். தெருப் பெயரைக்கூடத் திருத்த முடியாது. மூன்றாவது அவள்.

"ஃபோன் நம்பர்?"

"பொதுசனம் உள்ள போடலாம். போட்டத திருப்பிப் பாக்க முடியாது. எடுக்கவும் முடியாது."

"கோயில் உண்டியல் மாதிரி."

திரும்பிப் பார்த்தாள். "அட, ஆமாப்பா" என்றாள். நான் எதற்கெடுத்தாலும் வால்வோடு ஒப்பிடுகிறேன் என்று காலையில்தான் திட்டு வாங்கியிருந்தேன். உண்டியலுக்கு மாறியது நல்லதாகப் போயிற்று.

மார்ச் 17, திங்கள்

சர்வரில் இருக்கிற ஒவ்வொரு கோப்புக்கும் பூட்டு உண்டாம். சொந்தக்காரர், கூட்டம், மற்றவர்கள் என்று மூன்று வகை ஆட்கள்.

"சொந்தக்காரங்களுக்குத்தான் எல்லா உரிமையும்" என்றாள்.

"உன் சின்ன மாமனுக்கா? வேண்டாம் தாயி. போன பொங்கலுக்கு வந்துட்டு என் புதுச் செருப்பப் போட்டுட்டுப் போயிட்டான்."

"சொந்தக்காரங்கன்னா உடமைக்காரங்கப்பா!"

ஒவ்வொருவருக்கும் ஒரு எண். மூன்றும் ஏழாகப் போட்டால் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் செய்யலாமாம். ஏழு ஏழு ஏழு. லாரி நம்பர் மாதிரி எழுதிப் பார்த்தேன், அமோகமாக இருந்தது. "ராசியான நம்பரா இருக்கே, அதையே போடேன், நேரம் மிச்சம்" என்றேன்.

"அந்த நம்பர் பேச்சையே எடுக்காதப்பா."

முகம் மாறிவிட்டது. எந்த நம்பரில் என்ன வருத்தமோ. கேள்வி வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 20, வியாழன்

இன்று அவளுடைய 'எல்லாம் செய்யலாம்' உரிமையையும் எடுத்துப் பூட்டி வைத்துவிட்டாள். அன்றாடத்துக்குச் சின்ன உரிமையோடுதான் உள்ளே போகிறாள்.

"நீ கட்டின வீட்டுல உனக்கே பூட்டா?"

"எனக்குத்தான்பா மொதப் பூட்டு."

மார்ச் 23, ஞாயிறு

எனக்குப் புது உத்தியோகம். திருடன்.

"நீ பொதுசனம்பா. கெட்ட பொதுசனம். என்னல்லாம் தோணுதோ செஞ்சு பாரு. ஒடைக்க முடியுதான்னு பாப்போம்."

எவ்வளவு சந்தோஷமான வேலை! மேட்டுத் தெருவை அடைக்கப் பார்த்தேன். முடியவில்லை. ஃபோன் நம்பர்களை எட்டிப் பார்க்கப் பார்த்தேன். முடியவில்லை. செண்பகமும் வந்து உட்கார்ந்தாள். அவள் அமுக்கிய அமுக்கில் செல் சூடாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வந்தது.

"என்னத்தா இது, தாலுகா ஆபீஸ் மாதிரி. கொஞ்சம் மரியாதையாச் சொல்லக் கூடாதா?" என்றேன்.

"நீயே எழுதிக் குடு."

யோசித்து எழுதிக் கொடுத்தேன்: 'மன்னிக்கணும், இது உங்களுக்குத் திறக்காது.' அப்படியே போட்டுவிட்டாள். என் எழுத்து மும்பையில் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் என் தாளைத் திருத்தியவர் எங்கிருந்தாலும் பார்க்கட்டும்.

மார்ச் 28, வெள்ளி

எனக்குக் கடவுச்சொல் கொடுத்திருக்கிறாள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், நடுவில் ஆச்சரியக்குறி. பார்த்தால் எனக்கே ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. மனப்பாடம் ஆகவில்லை. "எங்கயும் எழுதி வைக்காதப்பா, யாருட்டயும் குடுக்காத" என்று மூன்று முறை சொன்னாள். யாரிடமும் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

நாளைக்குத் திறப்பு. வினோ சோறு பிசைந்து அப்படியே வைத்துவிட்டாள். "பொங்கலுக்கு அப்புறம் வெச்சுக்கலாம்னு மேடத்துக்கிட்டச் சொல்லிரவாப்பா?" என்றாள்.

"அவ்வளவு பூட்டு பூட்டிட்டயே?"

"பூட்டுனதா நெனைச்சிருப்பேன். அப்படித்தான் நெனைப்போம்."

"ஒன் இஷ்டம் தாயி" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "இல்ல, தொறந்துருவோம். இப்ப விட்டா எப்பவுமே தொறக்க மாட்டேன்" என்றாள்.

ஏப்ரல் 3, வியாழன்

பொறுமையாக எழுதுகிறேன்.

காலையில் செக்கடித் தெருவுக்குத் திறந்துவிட்டு, செல்லில் அமுக்கிவிட்டு, பேரூராட்சி ஆபீசுக்குப் போனேன். செயல் அலுவலர் அம்மா நோட்டீஸ் போர்டில் அந்தக் கட்டம் கட்டமான படத்தை ஒட்டினார். செல்லைக் காட்டினால் சைட் வரும். அதையே ஊர் வாட்ஸ்அப்பிலும் அனுப்பினார். எல்லோரும் கைதட்டினார்கள். வினோ ஓரமாக மடியில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தாள்.

கேசரி கைக்கு வருவதற்குள் என் ஃபோன் அடித்தது. செக்கடித் தெரு.

"அண்ணே, செல்லுல அடைச்சாச்சுன்னு இருக்கு. ஆனா கொழாயில தண்ணி வருது. பிடிக்கலாமா, கூடாதா?"

"வர்ற தண்ணியப் பிடிம்மா!"

அடுத்தது பள்ளிவாசல் தெரு. அடுத்தது பஜார். பார்த்தால், ஊர் முழுக்கச் சிவப்பு. மேட்டுத் தெரு மட்டும் பச்சை. மேட்டுத் தெருவுக்கு நாளைக்குத்தான் முறை.

"என்னம்மா, யாரும் உள்ள பூந்துட்டாங்களா?" என்றார் அம்மா.

வினோவின் முகத்தில் ரத்தமே இல்லை. எழுந்து ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஓடவில்லை. எதையோ திறந்து வரிவரியாகப் படித்தாள்.

பிறகு நிமிர்ந்தாள். "'அப்பா'ங்கற பேர்ல உள்ள வந்திருக்காங்க மேடம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாயில் கேசரி.

"அந்தப் பேரால தெரு நிலவரத்த மட்டும்தான் மாத்த முடியும். ஒரு ஃபோன் நம்பரக்கூடப் பாக்க முடியாது. பாக்கவும் இல்ல. பதிவு இருக்கு." அதை எங்களுக்குச் சொன்ன மாதிரி இல்லை. தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. மறுபடியும் ஒரு தடவை சொன்னாள்: "பாக்க முடியாது."

என் கடவுச்சொல்லை அங்கேயே செல்லாமல் செய்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, எங்க எழுதி வெச்ச?"

ஒவ்வொரு வால்வுக்கும் எத்தனை சுற்று என்று மூடியின் உள்பக்கம் பெயிண்டால் எழுதி வைப்பது எங்கள் வழக்கம். எல்லா வால்வுக்காரரும் செய்வதுதான். மறந்துபோகக் கூடாததை எழுத எனக்குத் தெரிந்த ஒரே இடம் அது. மேட்டுத் தெரு மூடியில் சுற்றுக் கணக்குக்குக் கீழே 'அப்பா' என்று போட்டு இந்தக் கடவுச்சொல்லையும் எழுதியிருந்தேன். யாரிடமும் கொடுக்கவில்லை. இரும்பு மூடியிடம்தான் கொடுத்தேன். சொன்னேன்.

யாரும் பேசுவதற்குள் வாசலில் காலிக் குடத்தோடு சந்தனமாரி வந்து நின்றாள். மேட்டுத் தெருக்காரி. நான் வால்வு திறக்கும்போதெல்லாம் தலைமாட்டில் நின்று மேற்பார்வை பார்ப்பவள்.

"என்னத்தக் கம்ப்யூட்டரு! எங்க தெருவுக்குத் தொறந்தாச்சுன்னு அமுக்கினேன். பத்தலையோன்னு மத்த தெருவ எல்லாம் அடைச்சும் பாத்தேன். ஒரு சொட்டு வரல. ஏண்ணே, நாங்கன்னா ஒங்களுக்கு எளக்காரமா?"

பாவம், செல்லில் அமுக்கினால் வால்வு தானாகத் திரும்பும் என்று நினைத்திருக்கிறாள். செயல் அலுவலர் அம்மா முகத்தை ஃபைலால் மறைத்துக்கொண்டார். ஃபைல் குலுங்கியது. வினோ சந்தனமாரியை உட்காரவைத்து, கேசரி கொடுத்து, அந்தப் பொத்தான் என்ன செய்யும், என்ன செய்யாது என்று விளக்கினாள். "அப்ப அண்ணன்தான் வந்து திருகணுமா? இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்றாள் சந்தனமாரி.

"சைட்ட எடுத்துரலாமாம்மா?" என்று அம்மா கேட்டார்.

"வேண்டாம் மேடம். இருக்கட்டும்" என்றாள் என் மகள்.

வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் நடந்தாள். கேட்காமலேயே சொன்னாள்.

"பெங்களூர்ல ஒரு ஆஸ்பத்திரிக்கு டோக்கன் போடுற சைட்டுப்பா. ஏதோ ஓடல. என்னன்னு பாக்கறதுக்காக, பொதுசனத்துக்கு எல்லாத்தையும் தொறந்து விட்டேன், அதே ஏழு ஏழு ஏழு. ஒரு மணி நேரத்துக்குத்தான். சரியாயிருச்சு. திருப்பி எடுக்க மறந்துட்டேன். நோயாளிங்க பேரு, நம்பர், எல்லாம் வெளிய கெடந்துச்சு. வேற ஒருத்தர் பாத்துச் சொன்ன பெறகுதான் தெரிஞ்சுது."

சைக்கிளை நிறுத்திவிட்டேன்.

ஆக, அது வெளியே போகிற பெர்மிஷன் இல்லை. உள்ளே விடுகிற பெர்மிஷன். இத்தனை நாளாக நான் ஒரு கம்பெனியைத் தேவையில்லாமல் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"என்னப்பா ஒண்ணும் சொல்லாம நிக்கிற?"

"நான் மூடியில எழுதுனவன். நான் என்னத்தச் சொல்ல?"

மறுபடியும் சிரித்தாள்.

ஏப்ரல் 7, திங்கள்

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. வெளியூர்க்காரர்கள்கூடத் தண்ணீர் நேரத்தைச் செல்லில் பார்க்கிறார்கள். என் ஃபோன் அடிக்கவே இல்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது. சின்ன மாமன் வந்தான். செருப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

இப்போது விரல் ரேகையில் திறக்கிற மாதிரி செய்து கொடுத்துவிட்டாள். மூடியில் எழுத முடியாது.

ஏப்ரல் 16, புதன்

வினோவுக்கு இன்று கம்ப்யூட்டரிலேயே நேர்காணல். மதுரைக் கம்பெனி. செயல் அலுவலர் அம்மாவிடம் போய் ஒரு மணி நேரம் பெர்மிஷன் கேட்டேன். "எந்தப் பெர்மிஷன் பால்ச்சாமி?" என்றார். "பழைய பெர்மிஷன்தான் மேடம், வீட்டுக்குப் போய் வாசல்ல உக்காரணும்" என்றேன்.

வாசலில் உட்கார்ந்து, மீன்காரரைச் சத்தம் போடாமல் போகச் சொல்லிச் சைகை காட்டினேன். உள்ளே பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். முன்னால் பார்த்த வேலையை ஏன் விட்டாள் என்று கேட்டிருப்பார்கள் போல. பிறகு "ஒரு மணி நேரம்" என்பது காதில் விழுந்தது. மறைக்காமல் சொல்கிறாள். அப்புறம் 'மேட்டுத் தெரு' என்பது கேட்டது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டருக்குள்ளிருந்து யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். என் மூடி மதுரை வரை போய்விட்டது.

கதவைத் திறந்து வெளியே வந்தாள். நான் தெருவைப் பார்த்தேன். இந்தப் பிள்ளை விஷயத்தில் எனக்குப் பார்க்கலாம் என்கிற உரிமைதான் உண்டு, கேட்கலாம் என்பது இல்லை என்று அந்த ஃபோன் வந்த நாளிலிருந்தே நானாக ஒரு பூட்டுப் போட்டு வைத்திருந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கேக்கணும்னா கேளுப்பா."

"கேக்கலாமா?"

"ஒரு மணி நேரம் பெர்மிஷன் தர்றேன்."

கேட்டேன். வேலை என்ன ஆகும் என்று கேட்டேன். திங்கட்கிழமை சொல்வார்களாம். அன்றைக்கு ஃபோனில் அழுதபோது அந்த ஊரில் பக்கத்தில் யார் இருந்தார்கள், சாப்பிட்டாளா, எங்கே படுத்தாள், ராவெல்லாம் என்ன நினைத்தாள் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். செண்பகம் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மணி நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. திருப்பி எடுக்க மறந்துவிட்டாள். நான் ஞாபகப்படுத்தவில்லை.